ஷட்டர் ஏற, முள் இறங்க

ஐம்பதுகளில் கிருஷ்ணகிரிப் பக்கம் ஓர் அணையில் நான் எலக்ட்ரீஷியன். ஷட்டர் எத்தனை அடி திறந்திருக்கிறது என்பதைக் கீழே ஆபீசிலிருந்தே பார்க்க, யுத்தக் கப்பலில் கழற்றிய ஜோடி செல்சின் மோட்டாரை மாட்டினேன். மேலே ஷட்டரோடு ஒன்று எவ்வளவு திரும்புகிறதோ, ஒயர் வழியே கீழே உள்ள மற்றதும் முள்ளை அவ்வளவே திருப்பி அடியைக் காட்டும். முதல் நாள் ஷட்டர் ஏற ஏற முள் இறங்கியது.

“கழட்டி எறிப்பா, காயலான் கடைச் சாமான!” என்றார் இன்ஜினியர். தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று ஆபீசே மூன்று பாஷையில் சிரித்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு மோட்டாரையும் இணைக்கும் மூன்று ஒயர்களில் இரண்டை மட்டும் இடம் மாற்றிப் பூட்டினேன். இப்போது ஷட்டரோடு முள்ளும் ஏறி மூன்றடியில் நின்றது.

நம்பாத இன்ஜினியர் தானே டேப்போடு மேலே போய் அளந்துவிட்டு, அங்கிருந்து டெலிபோன் செய்தார். “மூணடிதாம்பா.”

எனக்கு நன்றாகவே கேட்டது. “கேக்கல சார், சத்தமாச் சொல்லுங்க” என்று சொல்லிவிட்டு, ரிசீவரைச் சிரித்தவர்கள் பக்கம் திருப்பிப் பிடித்தேன்.