வெந்தது யார்?

"வெந்தது யாருங்க? நீங்களா, கறியா?"

கமருன்னிஸா சிரிக்காமல்தான் கேட்டார். ஷார்ஜா ஓட்டல் வேலைக்கு மனு போட வந்த கல்யாணச் சமையல்காரர் பக்கிரி திருதிருவென்று விழித்தார். யாரோ எழுதிக் கொடுத்த ஆங்கிலத்தில் ‘ஹேவிங் பாயில்ட் வெல், ஐ சர்வ் த மட்டன்’ என்றிருந்தது. நன்றாக வெந்துவிட்டு இவர் கறி பரிமாறுகிறாராம். முக்காட்டுக்குள் காதில் செருகியிருந்த பென்சிலை உருவி, வெந்ததிலிருந்து கறிக்கு ஓர் அம்புக்குறி போட்டார் கமருன்னிஸா. பிறகுதான் டைப்ரைட்டரில் தாளைச் செருகினார்.

நீடாமங்கலம் ரயில்வே கேட் அருகே அவருடைய தட்டச்சுக் கடை. இந்தப் பக்கத்திலிருந்து வளைகுடாவுக்குப் போகிற பாதிப் பேரின் ஆங்கிலம் இங்கிருந்துதான் புறப்படுகிறது. எந்த அடைமொழி எந்தச் சொல்லுக்குச் சொந்தம் என்று தெரியாமல் அவர் ஒரு வரி அடிக்கமாட்டார். ‘ஒன்லி’ வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். "நம்ம ‘மட்டும்’ கட்டுன எடத்துல நிக்கும். இது அவுத்து விட்ட ஆடுங்க, எவன் வயல்லயும் மேயும்" என்பார். அடுத்த கடைப் பலகையில் ‘பழைய அரிசி வியாபாரி’ என்றிருந்ததைக்கூட விடவில்லை. பழசு அரிசியா ஆளா என்று கேட்டுக் கேட்டே, கடைக்காரர் நெய்னா முகம்மதுவைப் பலகையை மாற்ற வைத்துவிட்டார். அடிக்கடி மனு அடிக்க வருகிற நானும் இதெல்லாம் கொஞ்சம் அதிகம் என்றுதான் நினைத்தேன், மேஜைக் கண்ணாடிக்கு அடியில் கிடந்த கார்பன் நகலைப் படிக்கும் வரை.

கடை தொடங்கிய தொண்ணூற்றிரண்டில், துபாயிலிருந்து கணவர் ஜாஃபர் சாதிக் கைப்பட எழுதி அனுப்பியதை அப்படியே அடித்துத் திருப்பி அனுப்பிய விடுப்பு மனு அது. ‘பீயிங் சீரியஸ்லி இல், ஐ வாண்ட் டு சீ மை மதர்.’ படுத்த படுக்கையாய்க் கிடந்தது தாய். மனுவில் நோயாளி மகன். கம்பெனி அவரை டாக்டரிடம் அனுப்பியது. உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது என்று விடுப்பை மறுத்துவிட்டது. அடுத்த மனு போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"மாமி மவுத்தான பொறவுதான் எங்க வூட்டுக்காரங்க வந்து சேந்தாங்க. எழுதுனது அவங்கதான். அடிச்சது என் விரலுங்க" என்றார் கமருன்னிஸா. அதன்பின் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பக்கிரி புது மனுவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இப்ப வெந்தது கறிதானேம்மா?" என்று உறுதி செய்துகொண்டு கிளம்பினார்.

அவர் கேட்டைத் தாண்டியதும் கமருன்னிஸா மேஜைக் கண்ணாடியைத் தூக்கினார். அந்த நகலிலும் நோயிலிருந்து தாய்க்கு ஓர் அம்புக்குறி இருந்தது. பல தடவை போட்டுப் போட்டுத் தாள் கிழிகிற பதத்துக்கு வந்திருந்தது. அதன் மேலேயே, கிழிந்துவிடாமல், இன்னொரு முறை பென்சிலை இழுத்தார்.