மஞ்சள் ஸ்டிக்கரில் வைத்த குங்குமம்

செங்கல்பட்டுப் பக்கம் ஒரு சவ்வுக் கம்பெனியில் நான் லோடிங் மேஸ்திரியாக இருந்தேன். படிப்பு ஆறாம் வகுப்பு. டாக்டர் பட்டம் வாங்கியவர்கள் அங்கே செய்ததையெல்லாம் கீழே விழாமல் காப்பாற்றியது நான்தான்.

சவ்வு என்றால் மெல்லிய பிளாஸ்டிக் படலம். அதற்குக் கதிர் காட்டி, மேலே வேறொரு பொருளை வளர விடுவார்கள். ஒரு ரகம் கழிவுநீரில் இருக்கும் ஈயத்தைப் பிடிக்கும். இன்னொன்று தீக்காயத்தின் மேல் போடுவது. காயத்துக்குப் போகிற பெட்டிகள் கிருமி சாக, கடைசியாக ஒருமுறை காமா அறைக்குப் போய்வரும். பெட்டியில் வட்டமாக மஞ்சள் ஸ்டிக்கர் இருக்கும். கதிர் பட்டால் சிவப்பாகிவிடும். போகாத பெட்டி கம்பிவேலிக்கு இந்தப் பக்கம், போய்வந்தது அந்தப் பக்கம். எனக்கே புரிந்த ஏற்பாடு.

ஆயுத பூஜையன்று மேனேஜருக்குப் பக்தி பொங்கியது. இரண்டு பக்கப் பெட்டிகளையும் ஒன்றாக அடுக்கச் சொன்னார்.

"வோணாம் சார், கலந்துடும்" என்றான் என் ஆள் ஏழுமலை.

"சாமிக்கு முன்னாடி என்னய்யா இந்தப் பக்கம், அந்தப் பக்கம்?"

பொட்டு வைக்க இடம் தேடினார். ஸ்டிக்கர், ஆண்டவனே அளவெடுத்துக் கொடுத்த நெற்றி மாதிரி இருந்தது. ஒவ்வொன்றிலும் சந்தனம், அதன்மேல் குங்குமம்.

லீவு முடிந்து வந்தால் எல்லாப் பெட்டியும் சிவப்பு. துடைத்தால் எல்லாம் ஆரஞ்சு. எது காமாவுக்குப் போய்வந்தது, எது போகாதது என்று யாருக்கும் தெரியவில்லை.

"மொத்தத்தையும் திரும்ப காமாவுக்கு அனுப்பிடலாமே?" என்றார் மேனேஜர்.

தரம் பார்க்கிற கூடுவாஞ்சேரிப் பெண் தலையை ஆட்டினாள். "ரெண்டு தடவ பட்டா முறுகிடும் சார். புண்ணு மேல போட்டா தூளா உதிரும். மொத்தமும் வேஸ்ட்."

முதலாளி வந்தார். "யார் வேலை இது?"

மேனேஜரின் விரல் கூசாமல் ஏழுமலையைக் காட்டியது.

"கணக்கு முடிச்சு அனுப்புங்க."

ஏழுமலை மாமல்லபுரம் குப்பத்துப் பையன். கடலுக்குப் போகாதே என்று பெண்டாட்டி அழுததால் இந்த வேலைக்கு வந்தவன். அவனுக்கு வாயே எழவில்லை. எனக்கு எழுந்தது.

"சார், பொட்டு வெச்சது மேனேஜரு. தட்டு ஏந்திகினு பின்னாடியே போனது நானு. இவன் வோணாம்னுதான் சொன்னான்."

"அப்ப உன்னையும் அனுப்பணுமே, மேஸ்திரி?"

"தாராளமா. எங்கூட பசங்க அத்தினி பேரும் வந்துருவாங்க. வெளிய ரெண்டு லாரி நிக்கிது. மேனேஜர் சார் எறக்கட்டும். சாமி புண்ணியத்துல தெம்பாத்தான் கீறாரு."

முதலாளி மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் தன் ஷூவைப் பார்த்தார்.

"நல்ல மனசோடதான் சார் வெச்சேன்…"

ஏழுமலை வேலைக்குத் திரும்பினான். பெட்டிகளை அழித்தார்கள். மேனேஜரைக் கேன்டீன் பொறுப்புக்கு மாற்றினார்கள். அங்கே வெந்ததா இல்லையா என்று கடித்துப் பார்த்தே சொல்லிவிடலாம்.

வேலைக்கு வந்திருக்கும் தம்பிகளுக்கு ஒன்று சொல்கிறேன். கூட நிற்பவன்மேல் பழி விழும்போது, பேச யாராவது பெரிய மனுஷன் வருவான் என்று காத்திருக்காதீர்கள். அந்தக் கம்பெனியில் அப்படி ஒருவன்தான் இருந்தான். அவனும் ரிட்டயர் ஆகிவிட்டான்.