முதல் தண்ணீர்

மாரடைப்பு வந்து பிழைத்த பிறகு தொக்குஜி சிகரெட்டை விட்டார். உப்பைக் குறைத்தார். கிண்ணத்தின் அடியிலுள்ள பூ தெரிகிற அளவுக்கு மிசோ சூப் நீர்த்துப் போனபோதும் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தார். புகையிட்ட முள்ளங்கி ஊறுகாயைத் தன் கையாலேயே ஒதுக்கி வைத்தார். வட ஜப்பானில், அகித்தாவின் சாலைகளில் ஆயுசு முழுக்கப் பனி வழிக்கும் வண்டி ஓட்டிய மனிதர். ஒன்றைத் தள்ளுவது என்று முடிவு செய்தால் தள்ளிவிடுவார். ஒன்றை மட்டும் தள்ளவில்லை. வீட்டின் முதல் குளியல் அவருடையது.

கடைசிக் குளியல் அவர் மனைவி மிட்சுவேயினுடையது.

ஆப்பிள் தோட்டக்காரர் வீட்டிலிருந்து கல்யாணமாகி அவள் இங்கே வந்த முதல் நாள் மாலையே மாமியார் வரிசையைச் சொல்லிவிட்டாள். முதலில் மாமனார், பிறகு தொக்குஜி, கொழுந்தன்மார், மாமியார், கடைசியில் நீ. சோப்புப் போட்டுக் குளிப்பதெல்லாம் தொட்டிக்கு வெளியே, ஓடு பதித்த தரையில். தொட்டி ஊறுவதற்கு மட்டும். நிரப்பிய ஒரே தண்ணீரில் வீடு முழுக்க ஊறி எழும். மிட்சுவேயின் முறை வரும்போது தண்ணீர் கலங்கி, ஆறி, பலர் படுத்து எழுந்த மெத்தை மாதிரி இருக்கும். சின்ன வலையால் முடிகளை வழித்தெடுத்துவிட்டு இறங்குவாள். ஊறி எழுந்ததும் நீரைத் திறந்துவிட்டுத் தொட்டியைத் தேய்த்துக் கழுவுவது அவள் வேலை. கர்ப்பமாக இருந்தபோதும் அப்படித்தான். மாமனார் போனார், மாமியார் போனாள், கொழுந்தன்கள் நகரத்துக்குப் போனார்கள். மகன் யசுஹிரோ வளர்ந்தான், அவன் மனைவி கனாயே வந்தாள். மகனுக்கு இரண்டாவது இடம், அவனை அடுத்து மருமகளுக்கு மூன்றாவது. வேலைக்குப் போகிறவர்கள் சீக்கிரம் தூங்க வேண்டுமே. மிட்சுவேயின் இடம் மட்டும் நகரவில்லை. தண்ணீருக்கு அடியில் தன் கால்களை அவள் அந்த வீட்டில் பார்த்ததே இல்லை.

மாரடைப்புக்குப் பிறகு வந்த முதல் குளிர்காலத் தொடக்கத்தில், ஊர்ச் சுகாதார மையத்து நர்ஸ் ஒனோதெரா வீட்டுக்கு வந்தாள். தொக்குஜியின் புஜத்தில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தாள். பிறகு வடக்கு மூலையிலுள்ள குளியலறைக்குப் போய் நின்றாள். குளிரில் அவள் மூச்சு புகையாக வந்தது.

"உங்க வீட்ல ஃப்ரிட்ஜ் எதுக்கு? மீனை இங்கயே வெச்சுக்கலாமே!"

தொக்குஜி சிரித்தார். நர்ஸ் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். "அப்பா, விளையாட்டு இல்ல. இந்தக் குளிர்ல துணியைக் கழட்டினா ரத்த அழுத்தம் எகிறும். உடனே கொதிக்கிற தண்ணில இறங்கினா தடால்னு விழும். அடிபட்ட இதயம் இந்த ஏத்த இறக்கத்தைத் தாங்காது. இங்க ஒரு ஹீட்டர் வையுங்க. தண்ணி நாப்பத்தொண்ணு டிகிரிக்கு மேல வேணாம். முக்கியமா, முதல் ஆளா குளிக்காதீங்க. வேற யாராவது குளிச்சா அந்த ஆவில ரூம் சூடாயிடும். நீங்க ரெண்டாவதா போங்க."

"ஹீட்டரா? எதுக்கு, குஞ்சு பொரிக்கவா?" என்றார் தொக்குஜி. "ஏம்மா, உன் புருஷன் ரெண்டாவதாத்தான் குளிக்கறாரோ?"

"நான் தனிக்கட்டைப்பா. முதலும் நானே, கடைசியும் நானே."

"அதான் உனக்குப் புரியல. முதல் தண்ணி போச்சுன்னா இந்த வீட்ல நான் யாரு? விருந்தாளியா?"

தேநீர் கொண்டுவந்த மிட்சுவே தட்டை வைத்துவிட்டு மெல்லக் கேட்டாள். "அப்ப முதல்ல போறவங்களுக்கு?"

நர்ஸ் பட்டையைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். "அது... இதயம் நல்லா இருக்கறவங்களா இருந்தா பரவாயில்லம்மா." மிட்சுவேயின் இதயம் எப்படி இருக்கிறது என்று யாரும் பார்த்ததில்லை. பட்டை பைக்குள் போய்விட்டது.

திட்டம் போட்டது கனாயே. தொக்குஜி மாலையில் பனிவண்டிக் கொட்டகைக்குப் போய்ப் பழைய சகாக்களோடு வாய்ச்சண்டை போட்டுவிட்டு இருட்டிய பிறகுதான் திரும்புவார். "அதுக்குள்ள நீங்க ஒரு முங்கு போட்டுருங்கம்மா. தரையைத் துடைச்சுட்டு, குறைஞ்ச தண்ணியை ஊத்திட்டா அவருக்கென்ன தெரியப்போகுது?"

"எனக்கு பயமா இருக்கு."

"அவருக்கு ஏதாவது ஆனா அதைவிட பயம். படுத்துட்டார்னா யார் பாக்கறது? நான் வேலைக்குப் போறவ."

மறுநாள் மாலை மிட்சுவே திருடியைப் போலக் குளியலறைக் கதவைச் சாத்தினாள். ஆடையைக் கழற்றியதும் குளிர் அவள் மார்பைக் கைமுஷ்டியில் பிடித்தது. ஒரு மூச்சு வரவில்லை. பிறகு வந்தது. அவசரமாகத் தேய்த்துக் கழுவிக்கொண்டு தொட்டியின் மூடியை விலக்கினாள். ஆவி எழுந்து முகத்தில் மோதியது. இறங்கினாள்.

யாரும் தொடாத தண்ணீர். அது அவளை ஒவ்வொரு அங்குலமாக ஏற்றுக்கொண்டது. குனிந்து பார்த்தாள். அடியில் அவள் கால்விரல்கள், வளைந்த நகங்களோடு, தெளிவாக, வேறு யாருடையவோ போலக் கிடந்தன. அவற்றை அசைத்துப் பார்த்தாள். அசைந்தன. வெளியே வந்து தரையைத் துடைக்கும்போது அழுதுகொண்டிருப்பது தெரிந்தது. ஆவி என்று நினைத்துத் துடைத்துக்கொண்டாள்.

தொக்குஜி வந்து குளித்தார். "இந்த வருஷம் குளிர் அவ்வளவா இல்ல" என்றார்.

நவம்பர் முழுக்க அப்படியே போனது. நர்ஸ் மறுபடி வந்து பார்த்துவிட்டு அவருடைய அழுத்தம் இறங்கியிருப்பதாகச் சொன்னபோது தொக்குஜி மார்பைத் தட்டிக்கொண்டார். "பாத்தியா? முதல் தண்ணில குளிக்கற உடம்பு!" மிட்சுவே தலையைக் குனிந்துகொண்டாள். அவள் கன்னங்கள் சிவந்திருப்பதைப் பார்த்து, "வயசான காலத்துல என்னடி, பவுடரா?" என்று கேட்டார். ஆடை கழற்றும் போதெல்லாம் வருகிற அந்த மார்புப் பிடியை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் முதல் தண்ணீர் போய்விடும். காலையில் கண் விழிக்கும்போதே மாலையை நினைத்தாள். அவருடைய உயிருக்காகச் செய்கிறாள் என்பது அவளுக்கே சில நாள் மறந்துபோனது.

குளிர்காலத்தின் மிக நீண்ட இரவன்று எல்லா வீடுகளிலும் போல அவள் வீட்டிலும் பூசணிக்காய் வெந்தது. தொட்டியில் யுசு பழங்கள் மிதந்தன. எலுமிச்சை போல மஞ்சளாக, உடம்புக்குச் சூடு தரும் என்று வருஷத்தில் அன்று மட்டும் போடுகிற பழங்கள். அவளுக்கு வாய்த்ததெல்லாம் எல்லோரும் பிழிந்து போட்ட தோல்தான். அன்று முழுப் பழங்கள் குழந்தைகள் போல அவளைச் சுற்றி வந்து முட்டின. ஒன்றைக் கையில் எடுத்தாள். கண்ணை மூடிக்கொண்டு மார்போடு அழுத்தினாள். வாசனை வந்தது. மேலும் அழுத்தினாள்.

அன்றிரவு குளிக்கப் போன தொக்குஜி, இடுப்பில் ஒரு துண்டு மட்டும் கட்டிக்கொண்டு, ஈரக் காலால் கூடத்துக்கு வந்து நின்றார். பிளந்து கிடந்த பழம் அவர் உள்ளங்கையில் இருந்தது. தோலில் ஒரு கட்டைவிரல் பள்ளம்.

"யாரு?"

யசுஹிரோ தொலைக்காட்சியைப் பார்த்தான். கனாயே பூசணிக்காயைப் பார்த்தாள்.

"நான்தாங்க" என்றாள் மிட்சுவே. "நர்ஸம்மா சொன்னாங்களே, ரூம் சூடாகட்டும்னு..."

"எத்தனை நாளா?"

அவள் அவர் காலடி ஈரத்தைத் துடைக்கக் குனிந்தாள்.

"நாப்பது வருஷமா வீட்டு அழுக்குல ஊறினவ, என்னை உன் அழுக்குல உக்கார வெச்சியா? உன் மாமியார் இருந்திருந்தா இந்தக் கையை உடைச்சிருப்பா. கிழட்டு நாயே, உனக்கு முதல் தண்ணி கேக்குதா?"

"உங்க நல்லதுக்குத்தாங்க..."

"நல்லதுக்கா?" பழத்தை அவள் முகத்தில் எறிந்தார். விதைகள் கன்னத்தில் ஒட்டின. "நல்லதுக்கு செஞ்சவளுக்கு மூஞ்சி ஏன்டி இப்படிப் பளபளக்குது?"

யசுஹிரோ தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினான்.

தொட்டித் தண்ணீர் முழுவதையும் திறந்துவிடச் சொன்னார். தேய்த்துக் கழுவச் சொன்னார். புதிதாக நிரப்பச் சொன்னார். ஆவி போகட்டும் என்று ஜன்னலைத் தன் கையாலேயே திறந்து வைத்தார். பனி உள்ளே விழுந்தது.

"அடுப்பங்கிட்ட போய் உக்காருங்க, நிறைஞ்சதும் கூப்பிடறேன்" என்றாள் மிட்சுவே.

"நீ மறுபடி இறங்க மாட்டேன்னு என்ன நிச்சயம்?"

அவர் உடை மாற்றும் இடத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். துண்டு மட்டும்தான். தொட்டி நிறைய நேரம் பிடித்தது. அவர் முதுகு வெள்ளையாகி, பிறகு திட்டுத் திட்டாக நீலம் பூத்தது. பல் அடித்துக்கொண்டது. அவ்வளவு நேரமும் தண்ணீரையே காவல் காத்தார்.

"சூடு வை. நாப்பத்தி நாலு."

"நாப்பத்தொண்ணுக்கு மேல வேணாம்னு..."

"திருப்புடி."

அவள் குமிழைத் திருப்பினாள். நாற்பத்தி நான்கில் விரல் நின்றது. சூடு போதவில்லை என்று இன்னொரு பேச்சு வாங்குவானேன். ஒரு கோடு கூடுதலாகவே திருப்பிவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினாள்.

அவர் தொட்டியில் இறங்கும் சத்தம் கேட்டது. "ஆ..." என்று நீளமாக ஒரு பெருமூச்சு. வழக்கமாக அதற்குப் பிறகு ஒரு பழைய பாட்டை முணுமுணுப்பார். மிட்சுவே சாப்பிட உட்கார்ந்தாள். கன்னத்தில் ஒட்டியிருந்த விதையை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். பாட்டு வரவில்லை. பூசணிக்காய் நன்றாக வெந்திருந்தது. இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டாள்.

"அப்பா ரொம்ப நேரமா சத்தமே இல்லையே" என்றாள் கனாயே.

"முதல் தண்ணி ஆச்சே" என்றாள் மிட்சுவே. "நிதானமா இருக்கட்டும்."

கனாயே அவளைப் பார்த்தாள். எழுந்து போகவில்லை. தட்டுகளை அடுக்கி, கழுவி, துடைத்து வைத்தாள். அதற்குப் பிறகுதான் போய்க் கதவைத் தட்டினாள்.

தொக்குஜியை எரித்துவிட்டு எலும்புகளோடு வீடு திரும்பிய அன்று மாலை, யாரும் எதுவும் சொல்லாமலே யசுஹிரோ முதல் ஆளாகக் குளிக்கப் போனான். கனாயே அவனுக்குத் துண்டு எடுத்துக் கொடுத்தாள். மிட்சுவே தன் முறைக்குக் காத்திருந்தாள். காத்திருக்கும்போது உள்ளே அப்பனின் குரலிலேயே மகன் "ஆ..." என்பது கேட்டது. அவள் இறங்கியபோது தண்ணீர் பழையபடி கலங்கியிருந்தது. கால்களைத் தேடிப் பார்த்தாள். வலையை எடுத்து முடிகளை வழித்தாள்.

பிப்ரவரியில் யசுஹிரோவின் தொழிற்சாலையில் வருடாந்திரப் பரிசோதனை நடந்தது. ரத்த அழுத்தம் அதிகம், அப்பாவுக்கு வந்தது உங்களுக்கும் வரலாம், கவனமாக இருங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். அன்றே உப்பு குறைந்தது. ஹீட்டர் வாங்குவது பற்றியும் பேசினார்கள்.

"எப்படியும் இந்த வீட்டை இடிச்சுக் கட்டத்தானே போறோம்" என்றான் யசுஹிரோ. "இப்ப எதுக்கு வீண் செலவு?"

"எப்ப இடிக்கப் போறோம்?" என்று மிட்சுவே கேட்டாள்.

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "அதுக்கு இன்னும் காலம் இருக்கும்மா" என்றாள் கனாயே. அவளே தொடர்ந்து, குரலை இனிப்பாக்கிக்கொண்டு சொன்னாள்: "நான் ஒண்ணு யோசிச்சேன். பாவம், எத்தனை வருஷமா கடைசித் தண்ணில குளிக்கறீங்க. இனிமே நீங்கதான் முதல்ல. பெரியவங்களுக்குத்தானே மரியாதை? அவர் உங்களுக்கு அப்புறம் போகட்டும்."

"ஆமாம்மா" என்றான் மகன், பனியைப் பார்த்துக்கொண்டு.

மிட்சுவே இருவரையும் பார்த்தாள். இதே கனாயே, இதே கூடத்தில், போன நவம்பரில் சொன்ன திட்டம். காப்பாற்ற வேண்டிய ஆள் மட்டும் மாறியிருந்தது.

"சரி" என்றாள்.

அன்று மாலை ஊரில் பனி இடுப்பளவு கிடந்தது. அவள் கதவைச் சாத்திவிட்டு ஆடையைக் கழற்றினாள். கைமுஷ்டி வந்து மார்பைப் பிடித்தது. இந்த முறை அது விட நேரமாயிற்று. இடது தோள்வரை ஏறி, தாடையைத் தொட்டுவிட்டு இறங்கியது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு மூடியை விலக்கி, ஆவிக்குள் ஒவ்வொரு காலாக இறங்கினாள். தண்ணீர் கண்ணாடி போல இருந்தது. விரல்கள் ஒன்றுவிடாமல் தெரிந்தன.

ஆவி படர்ந்த கண்ணாடிக் கதவுக்கு வெளியே கனாயேயின் நிழல் வந்து நின்றது.

"அம்மா, ரூம் சூடாயிடுச்சா? அவர் காத்துட்டிருக்கார்."

அறை முழுக்க ஆவி நிறைந்து, கூரையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"இன்னும் இல்லம்மா" என்றாள் மிட்சுவே, தாடைவரை தண்ணீரில் அமிழ்ந்துகொண்டே. "இன்னும் கொஞ்சம் இருக்கட்டும்."