காறல் நெய்யும் மகளின் கோட்டும்

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வியாழக்கிழமை, பினாங்குத் தீவில் எங்கள் ஜார்ஜ் டவுன் வீட்டில், முக்கால் டின் நல்ல நெய்யை நான் குப்பையில் கொட்டினேன்.

அதற்கு முந்தைய ஆண்டு என் கணவருக்குப் பெருங்குடலில் புண் வந்து இரத்தம் போனது. இரண்டு முறை மருத்துவமனையில் சேர்த்தோம். அதிலிருந்து, குளியலறையில் கொஞ்சம் கூடுதலாகத் தண்ணீர் ஓடினாலே நான் கதவருகில் போய் நின்றுவிடுவேன். இன்றும் அந்தப் பழக்கம் போகவில்லை.

அந்த வாரம் திங்கட்கிழமை முதல் வீட்டில் ஒரு நாற்றம். வாந்தி எடுத்த இடத்தைச் சரியாகக் கழுவாததுபோல. அவர் எனக்குத் தெரியாமல் வாந்தி எடுக்கிறார் என்று முடிவே கட்டிவிட்டேன்.

"உண்மையச் சொல்லுங்க. வயிறு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன் லா. போலீஸ் மாதிரி விசாரிக்காத."

வியாழக்கிழமை, மறுநாள் பூஜைக்காக நெய் விளக்கைத் துலக்க எடுத்தேன். நாற்றம் மூக்கிலேயே நின்றது. அப்போதுதான் உறைத்தது: இது காறிப்போன நெய். கெட்ட நெய்யிலா சாமிக்கு விளக்கேற்றினேன்? பதறிப்போய் நெய்யைக் கொட்டி, பூஜை அலமாரியைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். நாற்றம் போகவில்லை.

மாலையில் மகள் வீடு திரும்பினாள். தீவிலேயே உள்ள பல்கலைக்கழகத்தில் முதுநிலை ஆய்வு செய்துகொண்டிருந்தாள். மூக்கைச் சுருக்கி மோந்து பார்த்துவிட்டு, "எனக்கு ஒண்ணும் வரலியே மா" என்றாள்.

என் கணவர் எழுந்து, மூக்கை முன்னால் நீட்டியபடி சமையலறைக் கதவுவரை போனார். கதவுக்குப் பின்னால், துவைக்க மாட்டியிருந்த அவளுடைய வெள்ளை ஆய்வகக் கோட்டை இரண்டு விரலால் தூக்கிக் காட்டினார்.

"இந்தா உன் கெட்ட நெய். ஒரு வருஷமா என்னை நெய்யத் தொட விடல. இப்ப டின்னையும் வீசிட்ட!"

மகள் சிரிக்கவில்லை. "இது எப்பருந்து நாறுது?"

"திங்கட்கிழமையிலேருந்து" என்றேன்.

"அதுக்கு முன்னாடி? வாரா வாரம் கோட்டக் கொண்டாறேனே, அப்பல்லாம்?"

"இல்லையே."

அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு கடகடவென்று சொன்னாள். குடலுக்கு நன்மை செய்யும் ஒரு கிருமி இருக்கிறது. அது ஒருவகைக் கொழுப்பு அமிலத்தை உண்டாக்கும். பெருங்குடலின் உள்தோலுக்கு அந்த அமிலம்தான் உணவு; அப்பாவுக்கு வந்ததுபோன்ற புண் ஆறவும் அது உதவலாம். காறிய நெய்யில் நாறுவதும் அதுவே. அந்த அமிலத்தை இன்னும் அதிகமாக உண்டாக்கும்படி கிருமியின் மரபணுவில் அவள் ஒரு மாற்றம் செய்துகொண்டிருந்தாள். மூன்று மாதமாக ஒன்றும் பலிக்கவில்லை. இந்த மாதமும் இல்லையென்றால் தலைப்பை மாற்றிவிடு என்று பேராசிரியர் சொல்லியிருந்தார். திங்கட்கிழமைதான் கடைசியாக மாற்றிய கிருமியின் குப்பியைத் திறந்திருக்கிறாள்; அன்று மாலை கழற்றி மாட்டிய கோட்டுதான் இது. நாள் முழுக்க அதிலேயே கிடந்து அவள் மூக்கு மரத்துப் போயிருந்தது.

நான் கதவிலிருந்து நாலடி பின்வாங்கினேன். "கிருமியையா வீட்டுக்குக் கொண்டுவந்த?"

"காத்து பட்டா அது வளராது மா. ஆனா கோட்டக் கொண்டுவந்தது தப்புதான். ஏச்சு விழும்." கோட்டை இரண்டு பைக்குள் போட்டு இறுகக் கட்டினாள். "பலிச்சிருக்கலாம். ஆனா வழக்கத்தவிட ஒரு சொட்டு அதிகமாச் சிந்தியிருந்தாலும் இப்படி நாறலாம். மெஷின்ல அளந்து பாத்தாத்தான் தெரியும். என் முறை அடுத்த வாரம்."

"யாரையாச்சும் கேட்டு மாத்திக்கோயேன்!" என்று கத்தியது நான்தான். கதவுகளையெல்லாம் பிளீச் போட்டுத் துடைத்தபடியே கத்தினேன்.

வெள்ளிக்கிழமை மதியம், செபராங் ஜெயாவில் என் அலுவலக மேசைத் தொலைபேசி மணியடித்தது.

"அம்மா! முறைய மாத்தி வாங்கிட்டேன். வரைபடத்துல பழைய கிருமிக்கு நம்ம வாசப்படி அளவு மேடு. புதுசுக்கு பினாங்கு மலை லா!"

நான் போட்ட சத்தத்தில் பக்கத்து மேசை மலாய்ப் பெண், "கெனாபா, காக்?" என்று பதறி ஓடிவந்தாள். என்ன ஆயிற்று அக்கா என்று கேட்டவள், அழுகிறேன் என்று நினைத்து முதுகைத் தடவினாள். அழுதுகொண்டும்தான் இருந்தேன்.

வழியில் புது நெய் வாங்கிக்கொண்டு வீடு திரும்பினேன். மகள் ஏச்சு வாங்கிக்கொண்டு, தலைப்பையும் காப்பாற்றிக்கொண்டு வந்திருந்தாள். இனி எலிகளுக்குக் கொடுத்துப் பார்க்க வேண்டும், அதன்பின் மனிதர்கள், பல வருடம் ஆகும், நடக்காமலும் போகலாம் என்றாள்.

"அதுவரைக்கும் நான் தாங்குவேன்" என்றார் அவர். அந்த ஆண்டில் முதல் தடவையாக அவராகவே வருங்காலத்தைப் பற்றிப் பேசினார். பிறகு கதவுப் பக்கம் திரும்பி, "கோட்ட எங்க? இன்னொரு தடவ மோந்து பாக்கணும்" என்றார்.