சம்பந்தி வந்த வேளையில் சிறுநீர்ப் பை

சிறுநீர் அடைத்துக்கொண்டதால் கோவில்பட்டியில் ஒரு மருத்துவமனையில் சேர்ந்திருந்தேன். குழாய் போட்டு, பையைக் கட்டிலுக்குக் கீழே கம்பியில் தொங்கவிட்டிருந்தார்கள். நான்கு நாள் காய்ச்சல் இல்லாமல் போனால் அறுவை சிகிச்சை. எனக்குச் சர்க்கரை உண்டு. கிருமி ஏறினால் சிறுநீரகத்துக்கே ஆபத்து என்றார் டாக்டர்.

தாலுகா ஆபீஸில் இருந்தவரை அடுத்தவர் மனுவில் குறை கண்டுபிடித்தே சம்பளம் வாங்கியவன் நான். படுத்த பிறகும் அந்த வேலையை விடவில்லை. நர்ஸ் கை கழுவுகிறாரா, ஆளுக்கு ஆள் கையுறை மாற்றுகிறாரா, பையை வடிக்கும்போது அதன் வாய் குவளையில் படுகிறதா என்று கவனித்தேன். ஒரு குறையும் அகப்படவில்லை. கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

மூன்றாம் நாள் இடைசெவலிலிருந்து சம்பந்தி வந்தார். மாப்பிள்ளையின் தகப்பனார் முன்னால் இதுவா தொங்குவது? வாசலில் அவர் குரல் கேட்டதும் பையைத் தூக்கி வயிற்றோரம் வைத்துப் போர்வையால் மூடினேன். மழை, உளுந்து என்று கௌரவமாகப் பேசிக்கொண்டிருந்தபோது நர்ஸ் வந்தார்.

"அண்ணாச்சி, பை எங்க?"

நான் ஜன்னலைப் பார்த்தேன். அவர் போர்வையை விலக்கிப் பையைக் கீழே மாட்டினார்.

"என் கையவே பாத்துக்கிட்டு இருந்தீங்கள்லா? மேல வச்சா பையில உள்ளது திரும்ப உள்ள போவும்னு தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்சா செஞ்சீங்க!"

"வெக்கம், சிஸ்டர்," என்றாள் என் மனைவி. "இவியளுக்குச் சம்பந்தி முன்னால தும்மலே வராது."

சம்பந்தி சிரித்துவிட்டார். "உங்க புது வீட்டுப் பால்காய்ச்சுக்கு முதுகுவலின்னு வராம இருந்தேனே, அப்ப எனக்கும் இதே பைதான்."

"வெக்கமா இருந்தா கீழ தொங்கும்போதே மூடுங்க. தரையில மட்டும் படக்கூடாது," என்று நர்ஸ் சுத்தமான துணிப்பை ஒன்று கேட்டார். மனைவி எடுத்துக் கொடுத்தது எங்கள் மகள் கல்யாணத்துத் தாம்பூலப் பை. மணமக்கள் பெயரோடு அது கட்டிலடியில் தொங்கியது.

மறுநாள் முழுக்க நர்ஸ் தெர்மாமீட்டரைப் பார்க்கும்போதெல்லாம் நான் அவர் முகத்தைப் பார்த்தேன், இந்த முறை குறை தேடி அல்ல. காய்ச்சல் வரவில்லை. குறித்தபடி அறுவை சிகிச்சை நடந்தது.

இப்போது காலையில் கழிவறையில் சிறுநீர் தானாக இறங்கும்போதெல்லாம் அந்த நர்ஸை நினைத்துக்கொள்கிறேன். நன்றி சொல்ல உகந்த இடம் அதுவல்ல; ஆனாலும் அங்கேதான் மனதாரச் சொல்ல வருகிறது.