பூட்டு எடுத்த பூங்கா

எங்கள் லேஅவுட்டில் மாநகராட்சியின் குழந்தைகள் பூங்கா ஒன்று இருக்கிறது. சரவணம்பட்டியிலிருந்து உள்ளே பிரியும் ரோட்டில், புதிதாக எழும்பிக்கொண்டிருக்கும் அடுக்குமாடிக்கு எதிரில். அதன் சாவி சில வருடங்கள் என்னிடம் இருந்தது. சாயங்காலம் நாலு மணிக்குத் திறப்பேன், இருட்டியதும் பூட்டுவேன். நடுவில் உள்ள நேரம் முழுக்க உள்ளேயே நின்று குழந்தைகளைப் பார்த்துக்கொள்வேன். பூங்காவைக் கட்டிய நாளிலிருந்து ஏற்பாடு அப்படித்தான்: பார்த்துக்கொள்ள ஓர் ஆள் இருந்தால்தான் கதவு திறக்கும்.

எனக்கு முன்னால் பார்த்துக்கொண்டிருந்த அம்மா, மகன் வீட்டோடு இருக்க உடுமலைப்பேட்டைக்குப் போய்விட்டார். அப்போது குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர் என் வீட்டுக்கு வந்தார். "நீங்க சும்மாதானுங்களே இருக்கறீங்க, சித்த நேரம் வந்து பாத்துக்குங்களேன்" என்றார். அந்த 'சும்மா' எனக்குச் சுருக்கென்று தைத்தது. கணவர் போய், மகளும் கனடாவுக்குப் போய், பாழுங்கிணறு மாதிரி இத்தனை பெரிய வீட்டில் ஒருத்தியாக இருப்பது சும்மா இருப்பதா? நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனாலும் சரி என்றேன். மாட்டேன் என்று சொல்லியிருந்தால் மறுபடி கேட்பாரோ மாட்டாரோ என்ற பயம்.

ஒரு ஆளுக்குக் குக்கர் வைத்துப் பாருங்கள், அது விசில் அடிப்பதற்குள் பசியே போய்விடும். பால் பாக்கெட் விடிவதற்குள் கேட்டில் தொங்கும் பையில் விழுந்துவிடும், போட்டவர் முகம் தெரியாது. மளிகை போனில் சொன்னாலே வந்துவிடும். மகள் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவாள், அங்கே அவள் வேலைக்கு நடுவில். மற்ற நாட்களில் என் குரல் எனக்கே கேட்பது சாயங்காலம் பூங்காவுக்குள் நுழைந்த பிறகுதான்.

அங்கே வாய் ஓயாது. நான் சீக்கிரமே போய்விடுவேன். இரும்புச் சறுக்கு வெயிலில் தோசைக்கல்லாகக் காய்ந்து கிடக்கும், வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி ஆற்றினால்தான் குழந்தைகள் உட்கார முடியும். கதவுக்கு வெளியே அதற்குள் கூட்டம் சேர்ந்திருக்கும். "பார்க் மிஸ், பார்க் மிஸ்" என்று கத்துவார்கள். நான் எந்தப் பள்ளிக்கூடத்திலும் மிஸ்ஸாக இருந்ததில்லை. அதட்டுகிற பெண்பிள்ளை யாராக இருந்தாலும் அவர்களுக்கு மிஸ்தான். ஊஞ்சல் சண்டை, மணல் சண்டை, என்னைப் பார்த்துப் பழிப்புக் காட்டினான் என்ற புகார், எல்லாவற்றுக்கும் நான்தான் நீதிபதி. ஒரு தடவை ஒரு பெண் குழந்தையின் துப்பட்டா ஊஞ்சல் சங்கிலியில் சுற்றிக் கழுத்தை இறுக்கிவிட்டது. ஓடிப்போய்த் தூக்கிப் பிடித்துப் பிரித்தேன். அன்று முதல் துப்பட்டாவைக் கழற்றி என் தோளில் போட்ட பிறகுதான் ஊஞ்சல். சில நாள் துணிக்கடை பொம்மை மாதிரி நின்றிருக்கிறேன்.

இந்த நிலையில்தான் பேச்சு கிளம்பியது: கதவையே எடுத்துவிடலாம், பார்த்துக்கொள்ள ஆளும் வேண்டாம், யார் வேண்டுமானாலும் எந்த நேரமும் வந்து போகட்டும். வார்டுக் கூட்டத்தில் வைத்து முடிவு செய்வதாகச் சொன்னார்கள்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. குழந்தைகளின் பாதுகாப்புக்காக என்று எல்லோரிடமும் சொன்னேன். அது பொய்யில்லை. ஆனால் முழுசும் அது இல்லை. என்னுடைய சாயங்காலத்தை எடுத்துக்கொள்ளப் போகிறார்கள் என்பதுதான் மீதி. அது போய்விட்டால் எனக்கு நாளில் வேறு எதுவும் இல்லை. இதைப் போய் வார்டுக் கூட்டத்தில் சொல்ல முடியுமா?

பூங்காவுக்கு வரும் அம்மாக்கள் தைரியம் சொன்னார்கள். "நாங்க வந்து பேசறமுங்க மிஸ், நீங்க ஒண்ணும் கவலப்படாதீங்க." இரண்டு குழந்தைகளோடு தினமும் வரும் ஒரு அம்மணி, வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு வருவதாகவே சொன்னார். எனக்குத் தெம்பு வந்துவிட்டது. துப்பட்டா கதையைத்தான் முதலில் எடுக்க வேண்டும் என்று முடிவு செய்து, சமையலறையில் நின்று உரக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

கூட்டம் மாநகராட்சிப் பள்ளிக்கூடத்து வகுப்பறையில் நடந்தது. சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் மோவாயில் இடிக்க எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். கவுன்சிலர் ஒரு பெண். அவர் சிரித்த முகத்தோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், பேசுவதெல்லாம் பக்கத்தில் நின்ற அவருடைய வீட்டுக்காரர்.

முதலில் ரோடு, பிறகு சாக்கடை. பிறகு பூங்கா. ஐடி கம்பெனியில் வேலை செய்யும் ஒரு தம்பி எழுந்தார். "நாங்க ஊடு வந்து சேரவே ஏழு மணி ஆயிடுதுங்க. அப்ப பார்க் பூட்டியிருக்குது. ஞாயித்துக்கிழம காலைல கூட்டிட்டுப் போலாம்னா அப்பவும் பூட்டு. எதுத்தாப்ல தகரக் கொட்டாயில இருக்கற கட்டட வேலக்காரங்க குழந்தைங்க பகலெல்லாம் கம்பியப் புடிச்சுக்கிட்டு உள்ள இருக்கற ஊஞ்சலப் பாத்துட்டு நிக்குதுங்க. பகல் பூரா பூட்டி வெச்ச பார்க் யாருக்குங்க?"

நியாயமான கேள்வி. அந்தக் குழந்தைகளை நானும் பார்த்திருக்கிறேன். சாயங்காலம் அவர்களும் உள்ளே வரலாம்தான், நான் யாரையும் தடுத்ததில்லை. ஆனால் அவர்கள் அம்மா வேலை முடிந்து வந்து அடுப்பு மூட்டும் நேரம் அது, மூத்தது கைக்குழந்தையை வைத்துக்கொண்டு கொட்டகையிலேயே இருக்க வேண்டும். பேங்கிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் எழுந்து, கதவை எடுத்தால் குடிகாரர்கள் வந்து பாட்டிலை உடைப்பார்கள் என்றார். தெருநாய் வந்து படுக்கும் என்றார் இன்னொருவர். சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு நடக்க இடம் கிடைக்கும் என்று ஒருத்தர் குறுக்கே விழுந்தார். குழந்தைகள் சறுக்கும் இடத்தில் இவர் நடந்துதான் சர்க்கரையைக் கரைக்கப் போகிறாரா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இனி நான் எழுந்து பேச வேண்டியதுதான் என்று புடவைத் தலைப்பைச் சரிசெய்தேன். அப்போது கவுன்சிலரின் வீட்டுக்காரர் கையைக் காட்டி எல்லோரையும் நிறுத்தினார்.

"அதுக்கு முன்னால ஒரு நல்ல காரியத்தப் பண்ணிப்போடலாமுங்க. நம்ம பார்க்குக் குழந்தைங்கள இத்தன நாளா சொந்தப் புள்ளைங்களாட்டம் பாத்துக்கிட்ட அம்மா வந்திருக்கறாங்க. வாங்கம்மா, முன்னால வாங்க."

போனேன். கவுன்சிலர் எழுந்து எனக்குப் பொன்னாடை போர்த்தினார். பச்சைக்கரை போட்ட ஜிகுஜிகு சால்வை. கைதட்டினார்கள். போனில் படம் எடுத்தார்கள், நிமிர்ந்து சிரிக்கச் சொன்னார்கள். நானும் சிரித்தேன். "ஏதாவது ரெண்டு வார்த்த சொல்லுங்கம்மா" என்றார் அவர். துப்பட்டா கதையை எடுக்கத்தான் நினைத்தேன். எங்கள் பக்கம், ஒருவர் போர்த்திய சால்வையைத் தோளில் வைத்துக்கொண்டே அவரை எதிர்த்துப் பேசுகிற வழக்கம் கிடையாது. அப்படிப் பேசினால் கூட்டமே முகம் சுளிக்கும். "ரொம்ப சந்தோஷமுங்க" என்றேன். என் வாயிலிருந்து வந்தது அவ்வளவுதான்.

இடத்துக்கு வந்து உட்கார்ந்து அம்மாக்களைப் பார்த்தேன். இப்போது பேசுவார்கள், அவர்களுக்கு யாரும் சால்வை போர்த்தவில்லையே என்று காத்திருந்தேன். ஒருவரும் எழவில்லை. "அப்ப எல்லாருக்கும் சம்மதம்தானுங்களே?" என்று கேட்டார் அவர். மறுபடி கைதட்டல். முடிந்தது.

வெளியே செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது அந்த இரண்டு குழந்தைகளின் அம்மணி வந்தார். முகம் சுண்டியிருந்தது. வீட்டுக்காரர் கொஞ்சம் தள்ளி வண்டியோடு நின்றார்.

"ஏனுங்க மிஸ், எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லிப்போட்டிருக்கலாமுங்கல்ல? உங்களுக்காகப் பேசோணும்னு இவரு லீவு போட்டுட்டு வந்தாருங்க. நீங்க ஒத்துக்கிட்டுத்தான் பொன்னாட வாங்கறீங்கன்னு பாத்த பொறவுதான் தெரிஞ்சுது. அப்பறம் நாங்க எந்திரிச்சுப் பேசுனா உங்களுக்குத்தானுங்களே மரியாத இல்ல?"

அவர் சொன்னதில் ஒரு தப்பும் கண்டுபிடிக்க முடியவில்லை. கவுன்சிலர் வீட்டுக்காரர்கூட வஞ்சகம் செய்தார் என்று நினைக்கவில்லை. உண்மையாகவே எனக்கு மரியாதை செய்ததாகத்தான் நினைத்திருப்பார். அவர் எனக்கு மரியாதை, நான் அவருக்கு மரியாதை, அம்மாக்கள் எனக்கு மரியாதை. இத்தனை மரியாதைக்கும் நடுவில் என் சாயங்காலத்தைக் கேட்க ஆளில்லாமல் போய்விட்டது. நான் ஒத்துக்கொள்ளவில்லை, என்னிடம் யாரும் கேட்கவேயில்லை என்று அந்த அம்மணியிடமாவது சொல்லியிருக்கலாம். அவர் வண்டியில் ஏறிக்கொண்டிருந்தார். "பரவாயில்லீங்க, பாத்துப் போங்க" என்றேன்.

வெல்டிங் ஆள் வந்து கதவை அறுத்து எடுத்துக்கொண்டு போனான். வீட்டுக்குள் இருந்தே அந்தச் சத்தத்தைக் கேட்டேன்.

குடிகாரர்கள் வருவார்கள், எல்லோரும் என்னைத் தேடி ஓடி வருவார்கள் என்று உள்ளுக்குள் ஒரு நப்பாசை இருந்தது, மறைப்பானேன். ஒரு சில பாட்டில்கள் கிடந்தன. யாரோ பெருக்கிவிட்டார்கள். காலையில் காய் வாங்கப் போகும்போது பார்ப்பேன், தகரக் கொட்டகையின் அந்த மூத்த பெண் கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஊஞ்சலில் மெல்ல ஆடிக்கொண்டிருக்கும். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. நன்றாக இருக்கிறதே என்று எரிச்சலாகவும் இருந்தது.

சாயங்காலங்களில் அந்தப் பக்கம் போகாமல் இருந்தேன். டிவி போட்டேன், அது பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தது. கோயிலுக்குப் போனேன். அங்கே போய் உட்கார்ந்தாலும் மனசு நாலு மணிக்கே எழுந்து போய்விட்டது. கடைசியில் ஒரு நாள், எல்லோருக்கும் திறந்த இடம் என்றால் எனக்கும் திறந்ததுதானே என்று கிளம்பிவிட்டேன்.

நல்ல கூட்டம். முகம் தெரியாத குழந்தைகள் நிறைய. தெரிந்த பையன்கள் இரண்டு மூன்று பேர் "மிஸ்!" என்று ஓடி வந்து, என்னைத் தொட்டுவிட்டு ஓடிப்போனார்கள். ஊஞ்சல் பக்கம் சண்டை ஒன்று கிளம்பியது. நான் பெஞ்சிலிருந்து எழுந்தேன். அதற்குள் அவர்களே நீ பத்து ஆட்டம் நான் பத்து ஆட்டம் என்று எண்ணித் தீர்த்துக்கொண்டார்கள். நான் மறுபடி உட்கார்ந்தேன்.

என் பக்கத்தில், பெஞ்சின் மறு முனையில், ஒரு சின்னப் பெண் வந்து உட்கார்ந்து செருப்பு வாரை மாட்டப் போராடியது. குனிந்து மாட்டிவிட்டேன். பேர் என்ன சாமி என்று கேட்டேன். அதற்குள் அதன் அம்மா வேகமாக வந்துவிட்டார். புதிதாகக் குடிவந்தவராக இருக்க வேண்டும், நான் பார்த்ததில்லை. என்னைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தார்.

"உங்க குழந்தை எதுங்க?"

நான் ஊஞ்சல் பக்கம் பார்த்தேன், சறுக்குப் பக்கம் பார்த்தேன்.

"எதுவுமில்லீங்க. சும்மா வந்தேனுங்க."

"அப்படிங்களா" என்றார். சிரிப்பு அப்படியே இருந்தது. "கண்ணு, நீ அம்மாகூட அந்தப் பக்கம் வா" என்று குழந்தையின் கையைப் பிடித்து, எதிர்ப் பக்கத்து பெஞ்சுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே உட்கார்ந்த பிறகும் ஒரு கண் என் மேலேயே இருந்தது.

அவர் செய்தது ரொம்பச் சரி. குழந்தையைப் பார்த்துக்கொள்வது என்றால் அப்படித்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அதனால் அவர் மேல் கோபப்படக்கூட முடியவில்லை. கோபம் வந்திருந்தால் அதுவாவது என்கூட வீடு வரைக்கும் வந்திருக்கும்.