பயறுத் தராசில் தங்கச்சி

தராசைச் சுற்றி நின்றவர்கள்: அம்மா. தங்கச்சி. தராசுக்கார பாய். மொய்ங்கா விற்கிற அடோ. நான். கிட்டங்கி நாய்.

சனிக்கிழமை சாயங்காலம். பர்மாவில், அலோனில் ஆற்றோரம், பயறு மூட்டை அடுக்குகிற கிட்டங்கி. முதலாளி வீட்டுக்குப் போயாயிற்று. கடைசி லாரியும் போயாயிற்று. மேடைத் தராசு சும்மா கிடந்தது. அதன் மேல் தங்கச்சியை ஏற்றினோம்.

ஏன் என்று சொல்கிறேன்.

தங்கச்சி பி.எஸ்ஸி. விலங்கியல். காலேஜை மூடுவதும் திறப்பதுமாக இருந்த காலம் அது. சீக்கிரம் முடிய வேண்டிய படிப்பு இழுத்துக்கொண்டே போயிற்று. ஒரு வழியாகப் பட்டம் வந்தது. வேலை வரவில்லை. தெருப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தாள். பட்டத்தை அம்மா கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டினாள். அதன் பின்னால் பல்லி முட்டையிட்டது. தான் படித்த விலங்கியலுக்கு வந்த ஒரே வேலை அதுதான் என்று தங்கச்சி சொல்வாள்.

அப்புறம்தான் நர்ஸ் படிப்பு பற்றித் தெரிந்தது. ஏற்கெனவே பட்டம் வைத்திருக்கிறவர்களுக்குத் தனி வகுப்பு. மற்றவர்கள் நாலு வருடம் படிப்பதை இவர்களுக்குச் சுருக்கி இரண்டே வருடத்தில் முடித்துவிடுவார்கள். முடித்தால் அந்த ஆஸ்பத்திரியிலேயே வேலை. எங்களுக்குத் தெரிந்து அப்படி இரண்டு இடம். இரண்டுக்கும் எழுதிப் போட்டாள்.

முதல் இடத்தில் தராசில் ஏற்றினதோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள். தொண்ணூற்று நாலு பவுண்டு இருந்தாள். நூறு வேண்டுமாம். நோயாளியைப் புரட்டிப் போட உடம்பில் தெம்பு வேண்டுமாம். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. இரண்டாவது இடத்தில் கூப்பிட இன்னும் இரண்டு மாதம் இருந்தது. அங்கேயும் நூறுதான். வயசு வரம்பு அவளுக்கு அந்த வருடத்தோடு சரி. இதுவும் போனால் பல்லிதான்.

எங்கள் வீட்டில் தராசு கிடையாது. கிட்டங்கியில் இருக்கிறது. அங்கே நான் மூட்டை தூக்குகிறேன். பாய் நிறுக்கிறார். பாயின் வாப்பா நாகூர்ப் பக்கத்திலிருந்து கப்பலில் வந்தவர். பாய் பிறந்தது இங்கே. கேட்டதும் சரி என்றார்.

"ஏறும்மா. செருப்பக் கழட்டு."

"பயறு மூட்ட மாதிரி நிக்கணுமா, பாய்?"

"மூட்ட பேசாது. நீ பேசுற. முள்ளு ஆடுது பாரு."

தங்கச்சி வாயை மூடினாள். அது அவளுக்குக் கஷ்டமான வேலை. பாய் கல்லை நகர்த்தினார். முள் நின்றது. மூட்டைக்குக் கூவுகிற மாதிரியே கூவினார்.

"இருபத்தஞ்சு வீசை!"

தூணில் சாக்கட்டியால் எழுதினார்.

பர்மாவில் எல்லாம் வீசைதான். ஒரு வீசை மூன்றரைப் பவுண்டுக்குக் கொஞ்சம் மேலே. தங்கச்சி மனசுக்குள் பெருக்கினாள். முகம் விழுந்தது.

"தொண்ணூறு. அண்ணே, தொண்ணூறுதான் வருது. அங்க தொண்ணூத்தி நாலு இருந்தேனே."

"நாலு நாள்ல நாலு பவுண்டா!" அம்மா தலையில் கை வைத்தாள். "கவலையில உருகிட்டாடா."

அடோ பர்மாக்காரி. எங்கள் தெருமுனையில் கடை. தமிழை எங்களிடம் பொறுக்கியவள்.

"கவலை வேணாம்," என்றாள் அடோ. "நான் இருக்கு. மொய்ங்கா இருக்கு."

இருபத்தெட்டு வீசை வந்தால் நூறைத் தாண்டும். அன்றைக்கே ஆரம்பித்தோம்.

காலையில் மொய்ங்கா, மீன் குழம்பு ஊற்றின அரிசி நூடுல்ஸ்; மேலே பேஜோ என்கிற பருப்பு வடை நொறுக்கிப் போட்டு இரண்டு கிண்ணம். பத்து மணிக்கு உளுந்தங்களி. மத்தியானம் சோறு, மீன். சாயங்காலம் பாய் வீட்டிலிருந்து நெய்ச்சோறு வரும். தூக்குச் சட்டியைத் திறந்தால் தெருவே மணக்கும். தங்கச்சி திறந்து பார்த்துவிட்டு மூடுவாள்.

"அண்ணே, பாதி நீ தின்னு."

"எனக்கு நர்ஸ் வேலை வேண்டாம்."

"ஒரு வாய்."

"உன் பட்டத்தைத் திரும்பிப் பாரு. பல்லி குஞ்சு பொரிச்சிருக்கு."

தின்பாள்.

அடுத்த சனிக்கிழமை இருபத்தைந்தே கால். அதற்கடுத்து இருபத்தைந்தரை. அரை வீசை ஏறினதற்கே அம்மா சாமிக்குத் தேங்காய் உடைத்தாள். உடைத்த தேங்காயையும் தங்கச்சிதான் தின்றாள். தூக்குகிற ஆட்கள் எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. என்னைப் பார்த்தால் யாரும் சாப்பிட்டாயா என்று கேட்பதில்லை. தங்கச்சி சாப்பிட்டாளா என்றுதான் கேட்டார்கள்.

எடை ஒரு பக்கம். வாய் இன்னொரு பக்கம். ஆஸ்பத்திரியில் கேள்வி கேட்பார்கள், சுருக்கமாகப் பதில் சொல்ல வேண்டும். இவளுக்குச் சுருக்கம் வராது. ஒரு நாள் நான் அதிகாரி மாதிரி பெஞ்சில் உட்கார்ந்து கேட்டேன்.

"நீ ஏன் நர்ஸ் ஆகணும்?"

அமீபாவில் ஆரம்பித்தாள். மண்புழுவுக்கு வருவதற்குள் அம்மா தூங்கிவிட்டாள்.

"போதும். நீ பேசினா நோயாளி எழுந்து ஓடிருவான்."

"ஓடட்டுமே. படுத்த ஆள ஓட வச்சிட்டேன்ல. அதுக்குத்தானே நர்ஸ்?"

இவளிடம் ஜெயிக்க முடியாது.

கடைசிச் சனிக்கிழமை வந்தது. திங்கட்கிழமை போக வேண்டும். தங்கச்சி ஏறினாள். பாய் கல்லை நகர்த்தினார்.

"இருபத்தேழு வீசை!"

ஒரு வீசை குறைவு. தங்கச்சி தராசிலேயே உட்கார்ந்துவிட்டாள். இரண்டு மாதம் தின்றதெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அடோ அவள் கன்னத்தைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள்.

"இங்கே இருக்கு. தராசு பாக்கல," என்றாள்.

அம்மா மட்டும் அசரவில்லை.

"தண்ணிக்கு எடை இல்லையா? வாழப்பழத்துக்கு எடை இல்லையா? ரயில்ல பாத்துக்கலாம்."

திங்கட்கிழமை ஊரைச் சுற்றி வருகிற சுற்று ரயிலில் ஏறினோம். இன்சீன் தாண்டிப் போக வேண்டும். அந்த ரயில் மெதுவாகப் போகும். அன்றைக்கு அது நல்லதாயிற்று. அம்மா ஒரு சீப்பு வாழைப்பழத்தை மடியில் வைத்து உரித்து உரித்துக் கொடுத்தாள். நான் தண்ணீர் போத்தலை நீட்டினேன். பழம், தண்ணீர், பழம், தண்ணீர். எதிரே ஒரு வெற்றிலைக்காரி இதையே பார்த்துக்கொண்டு வந்தாள். கடைசியில் அம்மாவிடம் பர்மியில் கேட்டாள்.

"எத்தனை மாசம்?"

"ரெண்டு மாசமா இப்படித்தான் போடுறேன்," என்றாள் அம்மா.

வெற்றிலைக்காரி அவளாகவே ஒரு பழம் எடுத்துக் கொடுத்தாள். தங்கச்சிக்குச் சிரிப்பு வந்து மூக்கு வழியாகத் தண்ணீர் வந்தது.

"சிரிக்காத," என்றேன். "எடை போகுது."

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்திலேயே தராசு வைத்திருந்தார்கள். பெண்கள் வரிசையில் நின்றார்கள். எல்லோரும் ஒல்லி. எல்லோரும் ஒரு மாதிரி அடக்கிக்கொண்டு நின்றார்கள். தண்ணீர் யோசனை எங்கள் அம்மாவுக்கு மட்டும் வந்ததில்லை போலிருக்கிறது. வெள்ளை உடுப்பில் ஒரு சயாமா எடை பார்த்தார். நர்ஸ் அம்மாக்களை அங்கே அப்படித்தான் கூப்பிடுவது.

"அண்ணே, எனக்கு அவசரம்."

"புடிச்சு வை. அது ரெண்டு பவுண்டு."

"முடியலண்ணே."

"மூட்ட பேசாது."

அவள் முறை வந்தது. செருப்பைக் கழற்றி ஏறினாள். முள் ஓடியது. ஆடியது. நின்றது. சயாமா சத்தமாகப் படித்தார்.

"நூற்று நாலு."

தங்கச்சி திரும்பி என்னைப் பார்த்தாள். வாய் திறந்திருந்தது. என் வாய் தானாகக் கத்தியது, பர்மியில், தாழ்வாரம் முழுக்கக் கேட்கிற மாதிரி.

"சாக்கு கழிச்சா, கழிக்காமலா?"

எல்லோரும் திரும்பினார்கள்.

"என்ன சாக்கு?" என்றார் சயாமா.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கிட்டங்கியில் முள் காட்டுவதை யாரும் அப்படியே சொல்ல மாட்டார்கள். சாக்குக்கும் தூசிக்கும் மூட்டைக்கு ஒரு வீசை கழித்துத்தான் கூவ வேண்டும். அதுதான் வழக்கம். பாய் நினைத்துக் கழிப்பதில்லை. வாய் கழித்துவிடும். சனிக்கிழமை தோறும் என் தங்கச்சியிடமிருந்து பாய் ஒரு சாக்கைக் கழித்திருக்கிறார். நானும் அதே கிட்டங்கியில்தான் வேலை பார்க்கிறேன். எனக்கும் தோன்றவில்லை. அவள் சாக்கு கட்டிக்கொண்டு ஏறவில்லையே என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. முதல் நாள் உருகிப்போனதாக அம்மா அழுத நாலு பவுண்டும் அந்தச் சாக்குதான்.

அம்மாவிடம் சொன்னேன். அம்மா சிரிக்க ஆரம்பித்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். எனக்குச் சிரிப்பு லேசில் வராது. வந்தது. நிற்கவில்லை.

"அப்ப இந்தத் தண்ணி?" என்றாள் தங்கச்சி.

"வேண்டாத தண்ணி."

"வாழப்பழம்?"

"அதுவும்தான்."

அவள் என்னை அடிக்கக் கை ஓங்கினாள். அதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். கழிவறைக்குப் போக நேரமில்லை. கால் மேல் கால் பின்னி நடந்து போனாள்.

உள்ளே மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். கதவு பாதி திறந்திருந்தது. நாங்கள் வெளியே நின்று கேட்டோம். பேச்செல்லாம் பர்மியில்.

"விலங்கியல் படிச்சிட்டு ஏன் இங்க வந்தே?"

"மனுஷனும் விலங்குதான், சயாமா."

நான் அமீபாவுக்குக் காத்திருந்தேன். வரவில்லை.

"ராத்திரி வேலை வரும்."

"செய்வேன்."

"நோயாளி திட்டுவான்."

"திட்டட்டும்."

"ரத்தம் பாத்தா?"

"தொடைப்பேன்."

"ரெண்டு வருஷத்துல நாலு வருஷப் படிப்பு. தாங்குவியா?"

"எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது."

"நீ ஏதாவது கேக்கணுமா?"

"கழிவறை எந்தப் பக்கம்?"

உள்ளே மூன்று பேரும் சிரித்தார்கள். தங்கச்சி எங்களைத் தாண்டி ஓடினாள். கொஞ்ச நேரத்தில் கேள்வி கேட்ட பெரிய சயாமா வெளியே வந்தார். அம்மாவைப் பார்த்தார்.

"உங்க பொண்ணா? அளந்து பேசுறா. வார்டுக்கு இப்படி ஆள்தான் வேணும்."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

திரும்பி வரும் ரயிலில் அவள் அலோன் வரை வாயை மூடவில்லை. உள்ளே சொல்லாமல் விட்ட அமீபா, மண்புழு, தவளை எல்லாம் எங்களிடம் சொன்னாள். கேட்டுக்கொண்டே வந்தோம்.

பாயிடம் சாக்கு விஷயத்தைச் சொன்னேன்.

"நானா? நான் கழிச்சேனா? போப்பா."

அப்புறம் தராசைப் பார்த்தார். தூணில் இருந்த எழுத்தைப் பார்த்தார். கீழே கிடந்த வெறும் சாக்கின் மேல் மெதுவாக உட்கார்ந்தார்.

"யா அல்லா. புள்ளய ரெண்டு மாசம் சாக்குல கட்டி எடை போட்டிருக்கேனே."

மூன்று வாரம் கழித்து, தேர்ந்தெடுத்தவர்கள் பெயரை ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டினார்கள். அவள் பெயர் இருந்தது. அம்மா விரலை வைத்துப் பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்ற ஒரு பெண்ணையும் படிக்கச் சொன்னாள். அந்தப் பெண் படித்தாள். இருந்தது. அன்று சாயங்காலம் அடோ கடையில் தெரு முழுக்க மொய்ங்கா தின்றது. தங்கச்சி மட்டும் தின்னவில்லை. பார்த்தாலே குமட்டுகிறது என்றாள்.

ஹாஸ்டலுக்குப் போவதற்கு முந்தின சனிக்கிழமை மறுபடி கிட்டங்கிக்குப் போனோம். ஒரு வேலையும் இல்லை. பாய் கூப்பிட்டார். சரியாக ஒரு தடவை நிறுக்காமல் அனுப்ப மனசு வரவில்லையாம்.

தங்கச்சி ஏறினாள். பாய் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு முள்ளைப் பார்த்தார். அப்புறம் கையை எடுத்தார்.

"இருபத்தொம்பது! சாக்கு இல்லாம!"

தூணில் இருந்த பழைய எழுத்தைச் சட்டையால் துடைத்தார். அடோ கை தட்டினாள். தட்டினபடியே அவளும் தராசில் ஏறினாள். தங்கச்சி அம்மாவைக் கை பிடித்து இழுத்தாள். அம்மா என்னை இழுத்தாள். நாலு பேரும் ஒருவர் இடுப்பை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றோம். நாயும் ஏறி, பிடிக்காமல் இறங்கிவிட்டது.

"ஆடாதீங்க. சிரிக்காதீங்க," என்றார் பாய்.

எங்களால் முடியவில்லை. அவர் கல்லுக்கு மேல் கல் போட்டார். ரொம்ப நேரம் ஆயிற்று. கடைசியில் கூவினார்.

"நூத்தி நாப்பத்திரண்டு வீசை!"

"பாய்!" நாலு பேரும் கத்தினோம்.

நாலு மூட்டைக்கு நாலு வீசை கழித்திருந்தார். தன் வாயில் தானே ஒரு அடி வைத்துக்கொண்டார். சாக்கட்டியை எடுத்து, வாய் திறக்காமல், தூணில் பெரிசாக எழுதினார்.

நூற்று நாற்பத்தாறு.